பீட்டிலுக்குப் புது சைலன்சர்: ஹீட்டர் பாக்ஸைத் தூக்கி எறியலாமா?

கேள்வி: அப்பா ஓட்டிய 1967 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கோவையில் எங்கள் வீட்டில் நிற்கிறது. சைலன்சரின் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. பழைய கார் பாகங்கள் வாங்கி விற்கும் ஒருவர், "நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு சார்? ஹீட்டர் பாக்ஸைக் கழற்றிப் போட்டுட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எக்ஸ்ட்ராக்டர் மாட்டுங்க. எஞ்சின் சூடும் குறையும், பிக்கப்பும் கூடும்" என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஹீட்டர் பாக்ஸ் என்பது எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றி இருக்கும் தகட்டுப் பெட்டி; காருக்குள் வரும் காற்றைச் சூடாக்குவது அது. எக்ஸ்ட்ராக்டர் என்பது புகையைச் சுலபமாக வெளியேற்ற மாட்டும் தனி வடிவப் புகைக்குழாய். கம்பெனி வடிவத்தில் வரும் சாதாரண சைலன்சரையே மாட்டுங்கள். அதற்கும் உடனே பணம் அனுப்பிவிடாதீர்கள். முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த எஞ்சின் என்று பார்க்க வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தில் 1967 என்று இருந்தால் எஞ்சினும் அதே வருடத்தது என்று நம்ப முடியாது. இத்தனை வருடத்தில் யாராவது ஒருவர் மாற்றியிருப்பார். எஞ்சின் இருக்கும் பின்பக்க மூடியைத் திறந்து, டைனமோ உட்கார்ந்திருக்கும் ஸ்டாண்டுக்குக் கீழே துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பாருங்கள். அங்கே நம்பர் வெட்டியிருக்கும். 'டி' எழுத்தில் தொடங்கினால் 1200 சிசி, 'எஃப்' என்றால் 1300, 'எச்' என்றால் 1500. 1200-க்கான சைலன்சர் மற்றவற்றில் உட்காராது. 1300, 1500, 1600 மூன்றுக்கும் ஒன்றே போதும். இதைக் கேட்காமலேயே "எல்லா பீட்டிலுக்கும் சேரும் சார்" என்று சொல்கிறவரிடம் எதுவும் வாங்காதீர்கள்.

இந்த இடைத்தரகர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்காக நானே ஏமாந்தேன். "ஜெர்மன் ஒரிஜினல்" என்று வந்த பெட்டியைப் பிரித்தால் பளபளவென்று கறுப்பு பெயின்ட். பழைய சைலன்சரோடு முதுகுக்கு முதுகு வைத்துப் பார்த்ததில், எஞ்சினில் உட்காரும் இரண்டு ஃபிளாஞ்சுகளில் (நட் போட்டு இறுக்கும் தட்டை முகங்களில்) ஒன்று நாலு மில்லிமீட்டர் விலகியிருந்தது. என் பையன் ஒருவன், "நட்டை இறுக்கினா வந்துரும்ணே" என்று இழுத்து மாட்டிவிட்டான். வந்தது. இரண்டு மாதத்தில் ஸ்டட்டும், அதாவது எஞ்சினில் பதிந்திருக்கும் மரையாணியும், சேர்ந்து வெளியே வந்தது. விற்றவர் போனை எடுக்கவேயில்லை. ஜெர்மனியில் சாதாரண பீட்டில் (திறந்த கூரை மாடல் தவிர) தயாரிப்பு 1978-லேயே நின்றுவிட்டது. மெக்சிகோவில் 2003 வரை ஓடியது. ஆகவே "கம்பெனி சரக்கு, பழைய ஸ்டாக்" என்று ஒருவர் சொன்னால் எங்கிருந்து, எந்த வருடத்து ஸ்டாக் என்று கேளுங்கள். ஃபிளாஞ்சின் முகத்தை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் திருப்பி அனுப்புங்கள்.

இனி எக்ஸ்ட்ராக்டர் விஷயம். இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. டைனமோ தண்டிலேயே சுழலும் ஃபேன்தான் காற்றை இழுத்து சிலிண்டர்கள்மேல் தள்ளுகிறது. எஞ்சினைச் சுற்றி நிற்கும் தகடுகள், நாங்கள் டின் என்று சொல்வது, அழகுக்கு வைத்தவை அல்ல. மேலே ஃபேன் இழுக்கும் குளிர்ந்த காற்றையும், கீழே சைலன்சர் பக்கம் வெளியேறும் சூடான காற்றையும் பிரித்து வைப்பது அவைதான். எக்ஸ்ட்ராக்டர் இடிக்கிறது என்று மெக்கானிக் அந்த டின்னை வெட்டுவார். அப்புறம் சூடான காற்று மேலே ஏறும், ஃபேன் அதையே திரும்ப இழுக்கும். ஹீட்டர் பாக்ஸைக் கழற்றினால் ஃபேன் கூட்டில் அதற்குக் காற்று கொடுத்த இரண்டு வாய்களும் திறந்தே கிடக்கும். சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அந்த வழியாகப் போய்விடும். மூடி போட வேண்டும் என்று விற்றவர் சொல்ல மாட்டார். புகை சுலபமாக வெளியேறுவதால் கார்புரேட்டர் ஜெட்டையும் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையுள்ள பாகம்) மாற்ற வேண்டிவரும். மாற்றாவிட்டால் பெட்ரோல் குறைந்த கலவையில் எஞ்சின் இன்னும் சூடாகும். சூடு குறையும் என்றாரே, அது இதுதான்.

ஹீட்டர் பாக்ஸ் உங்களுக்குத் தேவையில்லை என்பது பாதி உண்மை. முன்பக்கத்து இரண்டு சிலிண்டர்களின் புகை அதற்குள் இருக்கும் குழாய் வழியாகத்தான் சைலன்சருக்கு வருகிறது. ஹேண்ட் பிரேக் பக்கத்தில் இருக்கும் ஹீட்டர் லீவரை நீங்கள் தொடாமலே இருந்தாலும் அந்தக் குழாய் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். வெளித்தகடு மட்டும் துருத்திருந்தால் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். உள்குழாயே அரித்திருந்தால் ஒட்டு ஆகாது. பாக்ஸுக்குள் அந்தக் குழாயைச் சுற்றிப் போகும் காற்று நேராக காருக்குள் வருவது, குழாயின் புகையும் அதில் கலந்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. அந்த நிலையில் ஹீட்டர் இல்லாத 'ஜே' வடிவக் குழாய்களைப் போடுங்கள், நான் மறுக்கவில்லை. மேலே சொன்ன இரண்டு வாய்களையும் மூடிவிடுங்கள்.

நீங்கள் கோவைக்காரர், என்றாவது ஊட்டி ஏறுவீர்கள். அதனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டருக்குக் கீழே, காற்றுக்குழாயோடு ஒட்டியபடி குறுக்கே ஒரு மெல்லிய குழாய் போகும். அதன் இரண்டு முனைகளும் சைலன்சரில் போல்ட் போட்டு நிற்கும். சூடான புகை அதன் வழியே போய் கார்புரேட்டரின் அடியைச் சூடாக்கும். எக்ஸ்ட்ராக்டர் போடுகிறவர்கள் பலர் அதை அடைத்துவிடுகிறார்கள். சமவெளியில் வண்டி ஓடும், குறை தெரியாது. குன்னூர் தாண்டிப் பனிமூட்டத்தில் போகும்போதுதான் தெரியும். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். காற்றில் ஈரம் இருந்தால், வெளியே 10 டிகிரி இருக்கும்போதே கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டிவிடும். வண்டி திக்கும், ஐடிலில் நின்றுவிடும். டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். எஞ்சின் சூட்டில் ஐஸ் உருகிவிட்டது, அவ்வளவுதான். இது தெரியாமல் பெட்ரோல் பம்ப், பாயின்ட், காயில் என்று வரிசையாக மாற்றிப் பணத்தை விட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். சரி, குழாய் இருந்தும் உள்ளே கரி அடைத்திருக்கலாம். சைலன்சர் கழன்று கிடக்கும் அன்றே பழைய கிளட்ச் கேபிளை விட்டுக் குடைந்து, மறுமுனையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

கழற்றும் வேலையில் நீங்கள் பயப்பட வேண்டியது ஸ்டட்டுகளுக்குத்தான். சிலிண்டர்களின் மூடியான ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு, அரை நூற்றாண்டுத் துரு. நட்டில் துரு இளக்கும் எண்ணெயை மூன்று நாள் மாலையில் அடித்து வையுங்கள். ஸ்பேனர் போட்டதும் முதலில் துளி இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். முறுக்கும்போது பஞ்சுபோல மெத்தென்று இருந்தால் நிறுத்திவிடுங்கள், ஸ்டட் முறியப் போகிறது. முறிந்தால் கையில் டிரில்லைப் பிடித்துக்கொண்டு துளை போட யாரையும் விடாதீர்கள். கோணினால் ஹெட்டே போகும். ஹெட்டைக் கழற்ற எஞ்சினை இறக்க வேண்டும்.

மாட்டும்போது கேஸ்கெட், கிளாம்ப், நட் எல்லாம் புதிது. பழையதைத் துடைத்துப் போடுவது மிச்சமல்ல. எல்லாவற்றையும் விரலால் மட்டும் முறுக்கி நிறுத்துங்கள். சைலன்சர் தானாக, இழுக்காமல் உட்கார வேண்டும். பிறகு எஞ்சின் ஃபிளாஞ்சுகளை 20 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். அடுத்து அந்த மெல்லிய குழாய், கடைசியில் கிளாம்புகள். ஸ்டார்ட் செய்து, கனமான ஈரத்துணியால் இரண்டு வால்குழாய்களையும் ஒரு நொடி அடைத்துப் பிடிக்கச் சொல்லி, நீங்கள் காது கொடுங்கள். 'உஸ்' என்று சத்தம் வரும் இடத்தில்தான் கசிவு. ஓடும்போது ஆக்சிலரேட்டரை விட்டதும் பட் பட்டென்று வெடித்தாலும் கசிவைத்தான் முதலில் தேடுங்கள்.

எஞ்சின் நம்பரைப் பார்க்கச் சொன்னேன் அல்லவா, அதை ஆர்.சி.யோடும் ஒப்பிட்டுவிடுங்கள். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கென்று 2021-ல் வின்டேஜ் பதிவு விதி வந்தது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது விதி. சைலன்சர் அதில் சேருமா என்று கேட்டால் ஒவ்வொரு மேஜையிலும் ஒவ்வொரு பதில். ஒரு அலுவலகத்தில் என் வண்டியின் முன் மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே ஸ்டெப்னியைப் பார்த்துவிட்டு, "எஞ்சின் எங்கேய்யா?" என்று கேட்டார்கள். இவர்களிடம் போய் எக்ஸ்ட்ராக்டருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க உங்களுக்கு நேரம் இருக்கிறதா?

மாட்டிய முதல் நாள் பெயின்ட் வாசனையும் கொஞ்சம் புகையும் வரும், பயப்படாதீர்கள். 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, எஞ்சின் நன்றாக ஆறிய காலையில், எல்லா நட்டுகளையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். கிளாம்புகள் கட்டாயம் அரைச் சுற்றாவது வாங்கும்.