எண்ணெய் படிந்த மண்ணுக்கு பயோசாரும் நுண்ணுயிரும்: கேள்வி பதில்

எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிரை அப்படியே தெளித்தால் போதாதா அக்கா? பயோசார், அதாவது காற்று குறைவாக வைத்துச் சுட்ட கரி, எதற்கு?

தெளிக்கலாம். ஆனால் வெயில், உப்பு, மண்ணில் ஏற்கெனவே உள்ள உயிர்களின் போட்டி, பாக்டீரியாவைத் தின்னும் புரோட்டோசோவா எல்லாம் சேர்ந்து அவற்றின் எண்ணிக்கையைச் சீக்கிரமே குறைத்துவிடும். கரித் துளைக்குள் படலமாக ஒட்டி வளர்ந்தவை தாக்குப்பிடிக்கும். டெல்லியில் உள்ள டெரி ஆய்வு நிறுவனத்தின் ஆயில்சாப்பர் என்ற எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்க் கலவையும் சும்மா வருவதில்லை, மக்காச்சோளக் கதிர்த் தூளில் ஏற்றித்தான் வருகிறது. கரி அதைவிட மெதுவாக மட்கும்.

சீமைக் கருவேலக் கரி இங்கே மலிவு. துளைகளையும் சேர்த்த மேற்பரப்பு அதிகமானதாகப் பார்த்து வாங்கவா?

அந்த அளவை மட்டும் நம்பாதீர்கள். மேற்பரப்பைக் கூட்டிக் காட்டுபவை பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறைந்த துளைகள். பாக்டீரியாவோ சுமார் 1 மைக்ரோமீட்டர், அதாவது 1,000 நானோமீட்டர். உள்ளே நுழையவே முடியாது! மரத்தில் தண்ணீர் ஏறிய குழாய்கள் கரியிலும் அப்படியே இருக்கும், அவைதான் பாக்டீரியாவுக்கு இடம். அப்புறம், அரைகுறையாக எரிந்த கரியில் தார் தங்கியிருந்தால் அதுவே மாசு.

உரக்கடையில் டால்க் பவுடரில் கலந்து விற்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவைப் போடலாமா?

வேண்டாம். அது பயிர் நோயைத் தடுக்கத் தேர்ந்தெடுத்த ரகம். பெயர் ஒன்றாக இருந்தாலும் டீசலைச் சிதைக்கும் திறன் ரகத்துக்கு ரகம் மாறும். உங்கள் மண்ணிலேயே பழகிய உயிர்களைப் பிரித்தெடுத்துப் பெருக்குவதுதான் நல்லது. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது, கரையில் தழைச்சத்து, மணிச்சத்து உரம் போட்டே அங்கிருந்த நுண்ணுயிர்களை வேகப்படுத்தினார்கள். உங்கள் மண்ணிலும் முதலில் அந்தச் சத்துகளைப் பாருங்கள்.

ராணிப்பேட்டையில் தொழிற்சாலைக் கழிவால் மண்ணில் கலந்த குரோமியத்துக்கு இந்த முறை உதவுமா மேடம்?

ஓரளவுக்கு. உலோகத்தை எந்த உயிரும் தின்று தீர்க்காது. நச்சு மிகுந்த குரோமியம்-6ஐ, எளிதில் கரையாத குரோமியம்-3 ஆக மாற்றும், அவ்வளவுதான். குரோமியம் அங்கேயேதான் இருக்கும், தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

எங்கள் தொட்டிச் சோதனையில் எண்ணெய் பாதியாகிவிட்டது. வெற்றிதானே?

இப்போதே சொல்ல முடியாது. கரி எண்ணெயை இறுகப் பிடித்துக்கொள்ளும். மண்ணில் குறைந்தது சிதைந்ததா, கரிக்குள் ஒளிந்ததா? இதைப் பார்க்காமல் வெற்றி என்று எழுதினால், அந்த நிலத்தில் குடியிருப்பவர்களை ஏமாற்றுவதாகும். ஒப்பிட்டுப் பார்க்க, கரி போட்டு அதிலுள்ள நுண்ணுயிரை மட்டும் கொன்றுவிட்ட ஒரு தொட்டியும், கரியே இல்லாத ஒன்றும் கட்டாயம் வையுங்கள். கரியையும் சேர்த்து வலுவான கரைப்பானில் பிரித்தெடுத்து அளவிடுங்கள். வெளிவரும் கார்பன் டை ஆக்சைடையும் குறித்து வையுங்கள். மூன்று தொட்டிகளின் எண்களையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.