நெஞ்சில் நிற்கும் மாத்திரை: வாசகர் கேள்வி – பதில்

சம்பா நடவு முடிந்து மழை பிடிக்கும் நேரம். எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் டெல்டா முழுக்க டாக்டர்கள் எழுதும் மருந்து டாக்ஸிசைக்ளின். இந்த முறை வந்த கேள்விகளும் அதைச் சுற்றியே.

எலிக்காய்ச்சல் என்று டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. காலையும் இரவும் 7 நாளைக்கு எழுதினார்கள். மூன்றாம் நாளிலிருந்து எச்சில் விழுங்கினாலே நெஞ்சு எரிகிறது. நிறுத்திவிடலாமா? – வாசகர், மன்னார்குடி

இரவு மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. பாயை விரித்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கி, அப்படியே படுத்திருப்பீர்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான். மாத்திரை இரைப்பைக்குப் போகாமல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொள்ளும். கரையும்போது அமிலத்தன்மை கூடுவதால் அந்த இடம் புண்ணாகிவிடும். மாத்திரையைவிட கேப்ஸ்யூல் இன்னும் சுலபமாக ஒட்டும்.

நீங்களாக நிறுத்தாதீர்கள், அதே புண்மேல் தொடர்ந்து விழுங்கவும் வேண்டாம். அடுத்த வேளைக்குள் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மருந்து மாற்றித் தருவார். தண்ணீரே இறங்கவில்லை, ரத்த வாந்தி, மலம் தார் மாதிரி கறுப்பு என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு: இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு, உட்கார்ந்தோ நின்றோ போடுங்கள். காபி டம்ளர் போதாது. 200 மில்லிக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்க வேண்டும். அதன்பின் அரை மணி நேரமாவது சாயக் கூடாது, ஒரு மணி நேரம் என்றால் நல்லது. ஒன்பதரைக்குப் படுப்பவர் எட்டு மணிக்கே போட்டுவிடலாம்.

டாக்ஸிசைக்ளினைப் பாலோடு போடக் கூடாதாமே? நான் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறேன். – வாசகி, கும்பகோணம்

பாலைப் பற்றிய பயம், இதே குடும்பத்துப் பழைய மருந்தான டெட்ராசைக்ளின் காலத்தது. டாக்ஸிசைக்ளின் பாலோடு போனால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாக உறிஞ்சப்படும், அவ்வளவுதான். வெறும் வயிற்றில் போட்டு வாந்தி எடுப்பதைவிட சாப்பாட்டுக்குப் பின் போடுவதே மேல். மாத்திரையை விழுங்கப் பால் வேண்டாம், தண்ணீர் போதும்.

கவனிக்க வேண்டியது இரும்பு, கால்சியம், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் திரவம் ஆகிய மூன்றையும்தான். இவை மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. நெஞ்செரிச்சல் என்று ஆன்டாசிட்டை மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பவருக்குக் காய்ச்சல் இறங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். டாக்ஸிசைக்ளினை முதலில் போட்டு, இரண்டு மூன்று மணி நேரம் விட்டு மற்றதைப் போடுங்கள். இரும்பு மட்டும் இடைவெளி விட்டாலும் தொல்லை தரும்: ரத்தத்தில் ஏறிய மருந்து குடலுக்குத் திரும்பி வரும்போதும் பிடித்துக்கொள்கிறது. கோர்ஸ் முடியும்வரை இரும்பு மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள்.

மாத்திரை சாப்பிடும்போது களையெடுக்கப் போனேன். பிடரியும் புறங்கையும் சுட்ட மாதிரி சிவந்துவிட்டன. அலர்ஜியா? – வாசகி, திருத்துறைப்பூண்டி

வெயில் படும் இடத்தில் மட்டும் சிவந்திருப்பதால் அலர்ஜியைவிட வெயில் சுடுதலாகவே தெரிகிறது. இந்த மருந்து தோலில் இருக்கும்போது சாதாரண வெயிலே சுடும். குனிந்து வேலை செய்பவருக்குப் பிடரிதான் முதலில் அகப்படும். நகம் சதையிலிருந்து கிளம்புவதும் உண்டு. டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கோர்ஸ் முடிந்து சில நாள் வரை காலை 10 முதல் 3 வரை வயலில் இறங்க வேண்டாம். தவிர்க்கவே முடியாது என்றால் முழுக்கைச் சட்டை, பிடரியை மூடும் துண்டு. உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் என்றால் அது வேறு, உடனே ஆஸ்பத்திரி.

வாரம் இரண்டு மாத்திரை போட்டால் எலிக்காய்ச்சல் வராது என்கிறார்கள். வீட்டில் மிச்சம் கிடக்கும் அட்டையைப் பண்ணையாட்களுக்குக் கொடுக்கலாமா? – வாசகர், ஒரத்தநாடு

வாரம் ஒருமுறை 200 மி.கி. என்ற முறை இருக்கிறது. ஆனால் வெள்ளம் வடியும் நாட்களைப் போல ஆபத்து அதிகமுள்ள குறுகிய காலத்துக்கு, ஆளைப் பார்த்து டாக்டர் எழுதுவது அது. கர்ப்பிணிக்கும் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கும் கேட்காமல் கொடுக்கவே கூடாது. அட்டையில் செங்குத்தாக ஓடும் சிவப்புக் கோடு, சீட்டு இல்லாமல் தொடாதே என்பதற்கான அடையாளம். காலாவதியானதைத் தூக்கி எறியுங்கள். கெட்டுப்போன டெட்ராசைக்ளின் வகை சிறுநீரகத்தைப் பாதித்திருக்கிறது.

ஆட்களுக்கு உதவ நினைத்தால் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். காலில் வெட்டுக்காயம் உள்ளவரை அண்டை வெட்ட, சேற்றில் இறங்க விடாதீர்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவது என்று வந்தால் வீட்டு மாத்திரையில் நாளைக் கடத்தாமல் அனுப்பிவையுங்கள். அக்குள், தொடை இடுக்கு, அரைஞாண் கயிறு படும் இடம் இவற்றில் சிகரெட்டால் சுட்டது மாதிரி கறுத்த பொருக்கு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்காது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. இருந்தால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கும் இதே மருந்துதான், பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் விட்டுவிடும். கர்ப்பிணி என்றால் வழக்கமாக அஸித்ரோமைசின் கொடுப்பார்கள்.

ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடலாமா? – வாசகர், பட்டுக்கோட்டை

கூடாது. நினைவு வந்ததும் ஒன்று போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள்.