கேள்வி-பதில்: நெஞ்சில் ஏறி அமுக்குவது யார்?

கேள்வி: விடியற்காலையில் திடீரென்று விழிப்பு வருகிறது. கை கால் அசைவதில்லை, கத்தவும் முடிவதில்லை, நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. "இயேசுவின் இரத்தம் ஜெயம்" என்று மனதுக்குள் சொல்லியும் பயம் போகவில்லை. வீட்டுக்கு வந்த ஊழியக்காரர், செய்வினை இருக்கிறது, காணிக்கை கட்டி விசேஷ ஜெபம் வைக்க வேண்டும் என்கிறார். என் விசுவாசம் குறைந்துவிட்டதா?
– ஒரு சகோதரி

பதில்: காணிக்கையை நிறுத்துங்கள், டாக்டரைப் பாருங்கள். கனவு காணும் தூக்கத்தில் உடம்பின் தசைகள் செயலற்றுக் கிடக்கும். அவை விடுபடுமுன் மூளை விழித்துக்கொண்டால் நீங்கள் எழுதியது அத்தனையும் நடக்கும். அறையில் ஆள் நிற்பதுபோலவும் தோன்றும். சில நிமிடங்களுக்குள் தானாகவே விட்டுவிடும். சரியான தூக்கமில்லாதவர்களுக்கு அதிகம் வரும். பாட்டிமார் அமுக்குவான் பேய் என்று சொன்னது இதைத்தான்.

அப்படியானால் பிசாசு இல்லையா என்று சண்டைக்கு வராதீர்கள். இருக்கிறான். ஆனால் அவனைப் பற்றி வேதம் எப்படிப் பேசுகிறது என்று பாருங்கள். எபேசு பட்டணம் மாயவித்தைக்குப் பேர்போனது. அங்கே ஸ்கேவாவின் குமாரர் ஏழுபேர் இயேசுவின் நாமத்தை மந்திரம்போல் உச்சரித்துப் பார்த்தார்கள். "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?" என்றது பொல்லாத ஆவி. அடிபட்டு, உடுதுணியும் இல்லாமல் ஓடினார்கள் (அப்போஸ்தலர் 19). அதே ஊரில் விசுவாசிகளானவர்கள் எரித்த மாயவித்தைப் புஸ்தகங்களின் கிரயம் 50,000 வெள்ளிக்காசு. இன்று ஜெப எண்ணெய்ப் பாட்டிலுக்கு விலை வைக்கிறவர்கள் வேதத்தின் அந்த அதிகாரத்தை வைத்துப் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை!

செய்வினைப் பயத்திலேயே வளர்ந்த அந்த எபேசு சபைக்குத்தான் சர்வாயுதவர்க்கத்தைப் பற்றி, அதாவது பிசாசை எதிர்த்து நிற்கத் தேவன் தரும் ஆயுதங்களைப் பற்றி எழுதினார் பவுல். அதில் பரிகாரமும் கட்டணமும் இல்லை. சத்தியம், நீதி, விசுவாசம், வேதவசனம், ஜெபம். இவற்றோடு "நில்லுங்கள்" என்கிறார். பயம் வரவே வராது என்று எங்கும் சொல்லவில்லை. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்று பாடிய தாவீதுக்கும் பயம் இருந்தது. உங்களுக்கும் இருக்கிறது, அதைவைத்து விசுவாசத்தை அளக்காதீர்கள்.

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். தன்னைக் கொல்லத் தேடிய யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டவர். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, செய்வினைக் கட்டு இருக்கிறது என்று சொல்லவுமில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், சாப்பிட்டார், தூங்கினார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

நீங்களும் நேரத்தோடு சாப்பிட்டு, போனைத் தள்ளி வைத்து, நாலாம் சங்கீதத்தை வாசித்துவிட்டுப் படுங்கள். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுத்தால் பலருக்குக் குறைகிறது. ஜெபிக்க ஆள் வேண்டுமென்றால் உங்கள் சபைப் போதகரைக் கூப்பிடுங்கள். அவரும் தொகை கேட்டால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.