வண்டிக்குள் கழற்றி மாட்டும் பலகைத் தளம்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: கல்யாண வீடுகளுக்கு சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடுகிறேன். என்னுடையது ஐந்து இருக்கை மாருதி ஈகோ. பின்சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் பெட்டி, ஸ்டாண்டுகள் இருக்கும். பிரேக் போட்டால் எல்லாம் சேர்ந்து சீட்டில் வந்து இடிக்கின்றன. வேண்டாதபோது கழற்றிவிடும்படி ப்ளைவுட் தளம் போட்டு, அதில் வளையம் வைத்து பெல்ட் கட்டலாம் என்றிருக்கிறேன். 18 எம்எம் 'வாட்டர்ப்ரூஃப்' பலகை போதும் என்கிறார் கார்பெண்டர். சரிதானா?
– மதுரை வாசகர்

பதில்: நல்ல யோசனை, செய்யுங்கள். ஆனால் பலகையின் தடிமனை விட, அந்தப் பலகையை வண்டியோடு எது பிடித்திருக்கப் போகிறது என்பதுதான் முக்கியம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருக்கும் பொருள் தன் எடையைப் போல ஏறக்குறைய 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 20 கிலோ ஸ்பீக்கர் 400 கிலோவாக வந்து இடிக்கும். வெறும் மரத்தில் மாட்டிய வளையம் அதைத் தாங்காது. சும்மா விரித்துவைத்த பலகை என்றால் பலகையும் சேர்ந்தே வரும்.

என் வண்டியில் முதலில் போட்ட தளத்தில் இதை நேரில் பார்த்தேன். வளையத்துக்கான டீ நட்டை (பற்களோடு மரத்தில் அடித்துப் பதிக்கும் நட்டு) கார்பெண்டர் பலகையின் மேல்பக்கத்திலிருந்து அடித்திருந்தார். ஒரு சடன் பிரேக்தான், நட்டு நான்கு பற்களோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அதை அடிப்பக்கத்திலிருந்து அடித்திருந்தால், பெல்ட் மேலே இழுக்க இழுக்க நட்டு மரத்தில் இன்னும் இறுகியிருக்கும். ஸ்டாண்டு, கேபிள் போன்ற லேசான சாமான்களுக்கு அப்படி அடித்த டீ நட் போதும். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயருக்கு அதை நம்பவே நம்பாதீர்கள்.

கனமான சாமான்களுக்கு வளையத்தின் போல்ட் பலகையைத் துளைத்து வண்டியின் இரும்புத் தரை வரை இறங்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கி, அடியில் பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், ஒயர் எங்கெங்கே ஓடுகின்றன என்று பார்த்த பிறகுதான் துளை போட வேண்டும். வீட்டில் வைத்து டிரில் போடவே கூடாது. தரைக்கு அடியில் உள்ளங்கை அளவு 3 எம்எம் இரும்புத் தகடு கொடுத்து, அதிலேயே நட்டை வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். இந்த வெல்டிங்கை வண்டிக்கு அடியில் பெட்ரோல் குழாய் பக்கத்தில் செய்யாமல், தகட்டை வெளியே வைத்தே முடித்துவிடட்டும். அப்புறம் மேலிருந்து நான்கு போல்ட்டைக் கழற்றினால் பலகை கையோடு வந்துவிடும். போல்ட் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 என்ற எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட் மாட்டியிருக்கும் போல்ட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொட வேண்டாம்.

இனி பலகை. 'வாட்டர்ப்ரூஃப்' என்பது கடைக்காரர் வாய்வார்த்தை. ஐஎஸ் 710 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருந்தால்தான் அது மெரைன் ப்ளை, அதாவது உண்மையிலேயே தண்ணீர் தாங்கும் பலகை. சாதாரண கமர்ஷியல் ப்ளைக்கு ஐஎஸ் 303. முத்திரைக்குக் கீழே இருக்கும் லைசென்ஸ் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் உண்மையா போலியா என்று அங்கேயே தெரிந்துவிடும். மர நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வேண்டாம், ஈரம் பட்டால் உப்பிவிடும். தரை முழுதும் படிந்து உட்காரும் பலகைக்கு 12 எம்எம் போதும். 8-க்கு 4 அடி 18 எம்எம் பலகை முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தினமும் கழற்றி மாட்டினால் முதுகு என்னாவது? இரண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக போல்ட் கொடுங்கள். அறுத்த ஓரங்களுக்கு இரண்டு கை வார்னிஷ் அடிக்க மறக்காதீர்கள், தண்ணீர் இறங்குவது அங்கேதான். அறுப்பதற்கு முன்பு ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியை வெட்டி வண்டிக்குள் வைத்து அளவு எடுத்துக்கொண்டால் பலகை வீணாகாது.

பெல்ட், கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் ராட்செட் வகையாக இருக்கட்டும். எலாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம், அது இழுபடும். லேபிளில் எல்சி என்று போட்டிருக்கும் எண்தான் பாதுகாப்பாகத் தாங்கும் அளவு. பெரிய எழுத்தில் போட்டிருக்கும் டன் கணக்கு பெரும்பாலும் பெல்ட் அறுந்துபோகும் அளவு. ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு பெல்ட் போடுங்கள், கனமானதைச் சீட்டு முதுகோடு ஒட்டி, கீழே வையுங்கள்.

இடம் போதவில்லை என்று பின்சீட்டைக் கழற்றிவிடாதீர்கள். ஆர்சியில் உள்ள இருக்கை எண்ணிக்கை மாறிவிடும், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின் கீழ் கேள்வி வரும். ஸ்டெப்னி, ஜாக்கி எடுக்கும் வழியைப் பலகை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு முதல் இரண்டு சவாரி முடிந்ததும் போல்ட்டுகளை மறுபடி ஒரு முறை முடுக்கிவிடுங்கள். மரம் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.