காலி பாட்டில் போதும், செட் வாங்க வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 56. முழங்கால் தேய்மானத்துக்காக நீச்சல் குளத்தில் நின்றபடி உடற்பயிற்சி செய்கிறேன். நீந்தத் தெரியாது. கைகளுக்கும் பலம் வேண்டும் என்று சொல்லி ஃபோம் டம்பெல், கையுறை, கணுக்கால் எடை அடங்கிய செட்டைத் தன்னிடமே வாங்கச் சொல்கிறார் பயிற்சியாளர். வீட்டுப் பாட்டில்களை வைத்துச் செய்ய முடியாதா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். தரையில் ஒரு கிலோ கனக்கும் பாட்டில் குளத்துக்குள் அமிழ்ந்ததும் கனமே தெரியாது. மூடியை இறுக்கிய காலி பாட்டில்தான் வேலை செய்யும். அரை லிட்டர் பாட்டிலை முழுதாக அமுக்கினால் ஏறக்குறைய அரை கிலோ விசையோடு மேலே தள்ளும். அதுவும் அதிகமாகத் தெரிந்தால் பாதி தண்ணீர் ஊற்றுங்கள், விசை பாதியாகிவிடும். ஃபோம் டம்பெல்லில் இப்படிக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

நெஞ்சளவு தண்ணீரில் நில்லுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, பாட்டில்களைத் தொடைப் பக்கமாக அமுக்குங்கள். அப்புறம் மெதுவாக மேலே வர விடுங்கள். அது துள்ளி எழுந்தால் பாதிப் பயிற்சி வீண்.

இன்னொரு பொருள் பிளாஸ்டிக் தட்டு. இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீரை முன்னும் பின்னும் தள்ளுங்கள். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் நிதானமாகத் தொடங்குங்கள். கையுறைக்குப் பணம் கொடுப்பதற்கு முன் விரல்களைச் சேர்த்து உள்ளங்கையை விரித்துத் தள்ளிப் பாருங்கள். கையை மூடித் தள்ளுவதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரியும்.

கணுக்கால் எடை உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அதற்குப் பதிலாகக் காலில் காலி பாட்டிலைக் கட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அவர் பக்கமே போகாதீர்கள். கால் மேலே மிதக்கும், தலை கீழே போகும், நீந்தத் தெரியாதவரால் காலைத் திரும்பத் தரையில் ஊன்ற முடியாது.

தோள்வலி உள்ளவர்களுக்கு மட்டும் பாட்டில் ஆகாது. இதை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் வலியைக் கூட்டிக்கொள்கிறார்கள். தரையில் களைத்தால் கை தானாகக் கீழே தொங்கும். குளத்தில் பாட்டிலோடு களைத்தால் கை மேலே இழுபடும். தோளுக்கு ஓய்வே கிடைக்காது. கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினாலே வலிக்கிறதா? பாட்டிலை விட்டுவிட்டுத் தட்டைத் தண்ணீருக்குள் இடுப்பு உயரத்திலேயே வைத்துத் தள்ளுங்கள். தோள் இரண்டும் காதுப்பக்கம் ஏறினால் நிறுத்துங்கள். மறுநாளும் வலி இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், பல்லைக் கடித்துத் தொடரக் கூடாது.

சரி, அந்த செட் விஷயம். விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: இது எந்தத் தசைக்கு? எத்தனை கிலோ விசை தரும்? பதில் வராவிட்டால் அவர் உங்களுக்காகப் பேசவில்லை, கமிஷனுக்காகப் பேசுகிறார். தொப்பி போடாமல் இறங்கினால் விசில் ஊதும் குள நிர்வாகங்கள், பயிற்சியாளர் எங்கே என்ன படித்தார் என்று விசாரிப்பதே இல்லை. வெளியிலிருந்து எதுவும் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டு, அதே கவுன்டரில் டம்பெல் விற்கும் இடங்களும் உண்டு. முழங்கால் வலியோடு வருகிறவர்களிடம் இப்படிப் பணம் பிடுங்குவது அநியாயம், எனக்குக் கோபம்தான் வருகிறது. கண்ணாடிப் பாட்டிலைத் தடுத்தால் மட்டும் அது நியாயம்.

போவதற்கு முன் பாட்டிலின் லேபிளை உரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஊறிப்போய் வடிகட்டியை அடைக்கும். விரிசல் விட்டதைத் தூக்கிப் போடுங்கள். முதல் வாரம் அரை லிட்டர் பாட்டில் இரண்டு, பத்துப் பத்தாக இரண்டு சுற்று போதும். கைப்பிடிக் கம்பி எட்டும் தூரத்திலேயே நில்லுங்கள். பாட்டிலை மிதவையாக நம்பி ஆழத்துக்குப் போகாதீர்கள்.