ஸ்பானிய மொழியில் ஆரஞ்சைக் குறிக்கும் ‘நரான்ஹா’ தமிழிலிருந்து போன சொல்லா? அதற்கு வேறு பொருள்கள் உண்டா?

வாட்ஸப்பில் சுற்றும் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் பாதிதான் சரி. ஸ்பானியம் இச்சொல்லை அரபியின் ‘நாரஞ்ச்’ என்பதிலிருந்து பெற்றது. அரபிக்குப் பாரசீக ‘நாரங்க்’, பாரசீகத்துக்கு வடமொழி ‘நாரங்க’ என்று ஸ்பானிய அரச மொழிக்கழகத்தின் அகராதியே வழி காட்டுகிறது. வடமொழிச் சொல்லுக்குத் திராவிட மூலம் இருக்கலாம் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. நம் நாரத்தையையும் மலையாள நாரங்ஙாவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மொழிவெறி என்று பின்னூட்டமிட வருவோர், ‘இருக்கலாம்’ என்றே நான் எழுதியிருப்பதைக் கவனிக்கவும். ‘ஹா’ என்ற ஒலி பிற்காலத்தது. இடைக்கால ஸ்பானியத்தில் அது ‘ஜா’வுக்கு நெருக்கமாகவே ஒலித்தது.

அரபியர் ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தது கசப்பு வகை. இனிப்பு வகை பல நூற்றாண்டுகள் கழித்தே அங்கு பரவியது. அரபியர் அதற்குப் போர்ச்சுகலின் பெயரால் ‘புர்த்துகால்’ என்று புதுப்பெயர் இட்டார்கள். ஸ்பானியர் பழைய பெயரையே இரண்டுக்கும் வைத்துக்கொண்டார்கள்.

இந்த வேறுபாட்டால் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. ஸ்பெயினின் செவில்லா நகரைப் பற்றிய கட்டுரை ஒன்றை ஓர் இதழுக்காக மொழிபெயர்த்தபோது, அங்கே தெருவெங்கும் நிற்கும் மரங்களைக் ‘கசப்பு நாரத்தை’ என்று எழுதியிருந்தேன். நம் வீட்டில் உப்பில் ஊறும் நாரத்தையேதான் அது என்று நான் வாதிடவில்லை. ஆனால் தடித்த தோலும், விதை மிகுந்து வாயில் வைத்ததும் முகம் சுளிக்க வைக்கும் சுளையும் கொண்ட அப்பழத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர் குழு என்னைக் கேளாமலே ‘ஆரஞ்சு’ என்று திருத்தி அச்சிட்டது. கைக்கெட்டும் பழத்தை ஊரார் பறித்துத் தின்னாததும், அது மார்மலேடு (தோலும் சேர்த்துக் காய்ச்சும் பழப்பாகு) செய்யப் பிரிட்டனுக்கு ஏற்றுமதியாவதும் ஏன் என்று வாசகருக்கு எப்படி விளங்கும்?

பிற பொருள்களுக்கு வருகிறேன். பழத்தின் நிறத்துக்கும் அதுவே பெயர். ‘மேதியா நரான்ஹா’, அதாவது பாதி ஆரஞ்சு, மனத்துக்கு இசைந்த துணையைக் குறிக்கும். கட்டடக் கலையில் அரைக்கோள வடிவக் குவிமாடத்துக்கும் அதே பெயர். ‘நரான்ஹாஸ் தெ லா சீனா’ (சீனத்து ஆரஞ்சுகள்) என்றால் ‘அதெல்லாம் நடக்காது’ என்று பொருள். ஸ்பானியம் பேசும் கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவிலோ இனிப்பு ஆரஞ்சுக்குப் பெயரே ‘சீனா’தான், அங்கே போனால் ஆரஞ்சுச் சாற்றை ‘ஹூகோ தெ சீனா’ என்று கேளுங்கள்.