ஒற்றை நந்தியாவட்டையும் ஒற்றைப் பவளமும்

கேள்வி: எங்கள் பள்ளிக் காட்சிக்கூடத்துக்குப் பெயர்ப்பலகைகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு மாதிரியின் அடியில் ஆங்கிலத்தில் ‘சாலிட்டரி கோரல், ஃபங்கியா’ என்று இருக்கிறது. ‘தனித்து வாழும் பவளப்பாறை’ என்று எழுதலாமா? பல வருடங்களுக்கு முன் சித்தப்பா அந்தமானிலிருந்து கொண்டுவந்த வட்டத் தட்டு ஒன்றும் வீட்டில் இருக்கிறது. அதுவும் இதே வகைதானா?

பதில்: முதலில் ‘பாறை’யை அடித்துவிடுங்கள். பாறை என்பது எண்ணற்ற உயிர்கள் விட்டுச்சென்ற சுண்ணாம்பு சேர்ந்து எழுந்த திட்டு. உங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது ஒரே ஒரு உயிரின் கூடு.

‘தனித்து வாழும்’ என்பதும் சரியில்லை. பலரும் சறுக்கும் இடம் இது. நந்தியாவட்டையில் ஒற்றை, அடுக்கு என்று இரண்டு உண்டு. ஒற்றை நந்தியாவட்டை என்றதும் தோட்டத்தில் தனியாக நிற்கும் செடி என்று யாராவது நினைப்பார்களா? பூவின் அமைப்பைச் சொல்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். சாலிட்டரி என்ற சொல்லும் அப்படித்தான். பவளத்தின் உடல் அமைப்பைச் சொல்கிறது, அது எங்கே யாரோடு கிடக்கிறது என்பதை அல்ல.

பவளத்தின் அடிப்படை உயிர் பாலிப். குட்டிக் கடல் சாமந்தி போல இருக்கும்: சதைக் குழல், மேலே ஒரு வாய், சுற்றிலும் உணர்கொம்புகள். பெரும்பாலான திட்டுப் பவளங்களில் ஒரு பாலிப் மொட்டு விட்டு இரண்டாகி, நான்காகி, சதையால் ஒட்டிக்கொண்டே ஆயிரக்கணக்கில் பெருகும். அது கூட்டுப் பவளம். அப்படிப் பெருகாமல் ஒரே பாலிப்பாகவே வளர்ந்து, தனக்கென்று ஒரே ஒரு சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொள்வதுதான் சாலிட்டரி. ஆகவே மணல்வெளியில் அக்கம்பக்கம் எதுவும் இல்லாமல் கிடக்கும் மூளைப் பவளம் கூட்டுப் பவளம்தான். நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்துக் கிடக்கும் ஃபங்கியாக்கள் ஒவ்வொன்றும் ஒற்றைதான்.

ஃபங்கியா என்ற பெயர் காளானுக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. லமார்க் 1801-இல் வைத்தார். காளான் குடையின் அடியில் மடிப்பு மடிப்பாகத் தெரியுமே, அதே மாதிரிச் சுண்ணாம்புத் தகடுகள் இதற்கு மேல்பக்கம் இருக்கும். காளானைக் கவிழ்த்து வைத்தது போல. கூட்டுப் பவளங்களில் பாலிப் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். இங்கே ஒரே பாலிப் சோற்றுத் தட்டளவுக்கு, 30 சென்டிமீட்டர் வரைகூட வளர்கிறது. குஞ்சாக இருக்கும்போது சிறு காம்பில் ஒட்டியிருக்கும். தட்டு பெரிதானதும் காம்பிலிருந்து கழன்று விழுந்து, அப்புறம் ஆயுள் முழுக்க எதிலும் ஒட்டாமல் கிடக்கும். மேலே மணல் மூடினால் சதையை உப்ப வைத்து உதறிவிடும், மெல்ல நகரவும் செய்யும். இந்தக் குடும்பத்தின் சில இனங்கள் ஆணிலிருந்து பெண்ணாகவும், மறுபடி ஆணாகவும் மாறுவதை ஜப்பானின் ஒக்கினாவா பகுதியில் ஆய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். பவளம் என்றால் அசையாத கல் என்று நினைக்கும் மாணவர்களிடம் நான் முதலில் எடுத்துப் பேசுவது ஃபங்கியாவைத்தான்.

பெயரை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். ஃபங்கியாவின் குடும்பத்திலேயே ஹெர்போலித்தா நீண்ட நாக்கு வடிவில் இருக்கும், அதன் நடுப்பள்ளத்தில் வரிசையாகப் பல வாய்கள். அது ஒற்றை அல்ல. ‘கப் கோரல்’, அதாவது கிண்ணப் பவளம், இன்னும் குழப்பம். பிரிட்டன் கரைகளில் கிடைக்கும் காரியோஃபில்லியா நாணயத்தளவே ஆன அசல் ஒற்றைப் பவளம். டர்பினேரியா என்ற பவளத்துக்கும் அதே பெயர்தான், ஆனால் அங்கே கிண்ணம் போல் இருப்பது மொத்தக் கூட்டமும். கடல்மீன் தொட்டிக் கடைகளில் ‘மஷ்ரூம்’ என்று விற்பதற்கோ சுண்ணாம்புக் கூடே கிடையாது, வேறு வரிசை உயிரி. சாலிட்டரி என்றால் ஆழ்கடல் பவளம் என்றும் பொருள் கொள்ள வேண்டாம். காரியோஃபில்லியா வெளிச்சம் இல்லாமலும் பிழைக்கும். ஃபங்கியாவின் சதைக்குள் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்பாசி இருப்பதால் அதற்கு வெயில் வேண்டும்.

சித்தப்பாவின் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எல்லாத் தகடுகளும் நடுவில் ஒரே பிளவை நோக்கி ஓடினால் ஒற்றை. அந்தப் பிளவுதான் வாய் இருந்த இடம். இரண்டு மூன்று மையங்கள் தெரிந்தால் கூட்டுப் பவளமாக இருக்கலாம். இருக்கலாம் என்று இழுப்பதற்குக் காரணம் உண்டு. அடிபட்ட ஃபங்கியாவின் மேல் குட்டிகள் முளைப்பதுண்டு. கூட்டம் போலத் தெரிந்தாலும் அவை ஒவ்வொன்றும் பிறகு கழன்று தனித் தட்டாகிவிடும்.

பலகைக்கு என் பரிந்துரை: ‘ஒற்றைப் பவளம் (ஃபங்கியா): ஒரே பாலிப்பின் சுண்ணாம்புக் கூடு’. ‘தனிப் பவளம்’ என்றும் எழுதுகிறார்கள், தவறில்லை. ஆனால் ‘தனி’ என்றதும் மனம் மறுபடி தனிமைக்கே ஓடிவிடுகிறது, அதனால் எனக்கு ‘ஒற்றை’தான் பிடிக்கும்.

ஒரு விஷயம் கேட்காமலே சொல்கிறேன். கல்பவளங்கள் எல்லாமே 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, ஒற்றையும் அதில் அடக்கம். செத்துக் கரை ஒதுங்கியதுதானே என்று எடுத்துவரவும் கூடாது. வீட்டில் இருப்பதை விற்கவோ பரிசாகக் கொடுக்கவோ வேண்டாம். பள்ளிக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் முதலில் மாவட்ட வன அலுவலகத்தில் கேளுங்கள். பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் மாதிரிக்கும் அது எப்போது, எப்படி வந்தது என்ற பதிவு இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.